சூழலைத் தர்க்கத்தில் எழுதுவது எப்படி? நடுவானில் எரிபொருள் தீர்ந்த விமானத்தை முன்வைத்து ஒரு முழு வழிகாட்டி

1983 ஜூலை 23. மான்ட்ரியாலில் ஏர் கனடாவின் 143-ஆம் விமானம் புறப்படக் காத்திருக்கிறது. ஒட்டாவா வழியாக எட்மன்டன் போய்ச் சேர 22,300 கிலோ எரிபொருள் வேண்டும். எரிபொருள் மானிகள் வேலை செய்யவில்லை. அளவுக் குச்சியைக் கொண்டு பார்த்ததில் தொட்டிகளில் 7,682 லிட்டர் இருக்கிறது. லிட்டரை எடையாக மாற்ற 1.77-ஆல் பெருக்குகிறார்கள்: 13,597. தேவையிலிருந்து அதைக் கழித்தால் 8,703. அதை மறுபடி 1.77-ஆல் வகுத்து, சுமார் 4,900 லிட்டர் நிரப்பிக்கொண்டு கிளம்புகிறார்கள். 41,000 அடி உயரத்தில் எச்சரிக்கை ஒலி கேட்கிறது. சற்று நேரத்தில் இரண்டு என்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோகின்றன.

விமானம் காற்றில் சறுக்கியபடியே இறங்கி, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படை ஓடுபாதையில் தரை தொட்டது. கார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்த ஓடுபாதை அது. உள்ளே இருந்த 69 பேரில் ஒருவரும் உயிரிழக்கவில்லை.

மேலே உள்ள கணக்கில் பெருக்கலும் கழித்தலும் வகுத்தலும் சரி. 1.77 என்ற எண்ணும் பொய்யில்லை: அந்த எரிபொருள் ஒரு லிட்டருக்கு 1.77 பவுண்டு எடை உள்ளது. ஆனால் அந்த போயிங் 767 கிலோகிராமில் கணக்கிடும் புது விமானம். அதற்கு வேண்டிய எண் 0.803. ஓர் உண்மை தான் உண்மையாக இருக்கும் இடத்திலிருந்து, பெயர்ச்சீட்டு இல்லாமல், இன்னோர் இடத்துக்கு நடந்து போய்விட்டது.

‘எங்கே உண்மை’ என்பதையும் சேர்த்து எழுதக்கூடிய ஒரு தர்க்கத்தைக் கட்டுவதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. ‘அ எனில் ஆ’ என்பதற்கு அம்புக்குறி போடுவதும், ‘இல்லை’ என்பதற்கு ¬ போடுவதும் தெரிந்தால் போதும். தரவுத்தளத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும், அறிவுத்தளம் (கணினி தருவித்துப் பதில் சொல்லும்படி உண்மைகளையும் விதிகளையும் எழுதிவைத்த தொகுப்பு) கட்ட நினைக்கும் மாணவர்களுக்கும் இது பயன்படும்.

படி 1: வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கும் சூழலை வெளியே இழுங்கள்

எளிய வேட்டை, சுட்டுச் சொற்கள். நான், நீ, இங்கே, இன்று, நேற்று. ‘இன்று மழை’ என்ற வாக்கியத்தைத் தாளில் எழுதிப் பெட்டியில் போட்டு வைத்தால், நாளை திறக்கும்போது அது வேறு வாக்கியம். டேவிட் கப்லன் என்ற மெய்யியலாளர் இதை இரண்டாகப் பிரித்தார்: சொல்லின் நிலையான விதி ஒன்று, அந்த விதி ஒரு சூழலில் ஈன்று தரும் பொருள் இன்னொன்று. ‘நான்’ என்பதன் விதி ‘பேசுகிறவர்’, அது மாறாது. ஈன்று தரும் ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார். தமிழ் இதில் ஒரு படி நுணுக்கமானது. ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே, ‘நாங்கள்’ என்றால் அவர் வெளியே. ஆகவே தமிழ் வாக்கியத்துக்குச் சூழலை எழுதும்போது பேசுகிறவரைக் குறித்தால் போதாது, கேட்கிறவரையும் குறிக்க வேண்டும்.

கடினமான வேட்டை, சுட்டுச் சொல்லே இல்லாத வாக்கியங்கள். ‘ஒரு லிட்டர் எரிபொருள் 1.77’ என்பதில் நானும் இல்லை, இன்றும் இல்லை. இங்கே ஒரே ஒரு கேள்வி உதவும்: இது எங்கே பொய்யாகும்? பதிலாக ஓர் இடம், ஒரு காலம், ஓர் அலகு, ஒரு கதை, ஒருவரின் நம்பிக்கை என்று எது வந்தாலும் அதுதான் நீங்கள் எழுத மறந்த சூழல். எதுவுமே வரவில்லை என்றால் அவசரப்பட்டு மகிழ வேண்டாம், இன்னொருவரிடம் கேளுங்கள்.

செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் மெக்கார்த்தி இந்தச் சிக்கலை 1980-களிலேயே கையில் எடுத்தார். அவருக்குப் பிடித்த உதாரணம், ஸ்டான்ஃபோர்டில் உருவான மைசின் என்ற மருத்துவ நிரல். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து என்று அது நன்றாகவே சொல்லும். காலராக் கிருமி என்று சொன்னால் இரண்டு வாரம் டெட்ராசைக்ளின் கொடுக்கச் சொல்லும், அவ்வளவுதான். கிருமி சாகும், உண்மை. அதற்கு வெகு முன்பே நோயாளி நீரிழப்பில் இறந்துபோவார். நிரலின் விதிகள் ‘மற்றதையெல்லாம் அறிந்த ஒரு மருத்துவர் பக்கத்தில் இருக்கிறார்’ என்ற சூழலில் மட்டுமே மெய். அந்தச் சூழல் நிரலுக்குள் எங்கும் எழுதப்படவில்லை.

எவ்வளவு இழுத்தாலும் சூழல் முழுக்க வெளியே வந்துவிடாது. நீங்கள் எழுதும் எந்த அடிப்படைக் கூற்றையும் ஒரு குறைகாண்பவர் ‘இது குறிப்பிட்ட சூழலில்தான் மெய்’ என்று சொல்ல முடியும் என்பது மெக்கார்த்தியே ஒப்புக்கொண்டது. ஆகவே சூழலை முழுமையாக வருணிக்க முயல வேண்டாம். அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டு, தெரிந்ததை மட்டும் அதைப் பற்றிச் சொல்லுங்கள்.

படி 2: உங்களுக்கு இது தேவைதானா என்று பாருங்கள்

பெரும்பாலானோருக்குச் சூழல் தர்க்கம் தேவையில்லை, கூடுதலாக ஒரு நெடுவரிசை போதும் என்பது என் அனுபவம். விமானத்தின் கதையையே இப்படி எழுதலாம்:

அடர்த்தி(எரிபொருள், பவுண்டு) = 1.77
அடர்த்தி(எரிபொருள், கிலோ) = 0.803

சூழல் என்று தனியாக ஒன்றும் இல்லை. அலகு இன்னொரு உள்ளீடாக வந்து உட்கார்ந்துவிட்டது. மாறக்கூடியது ஒன்றே ஒன்று, அது என்னவென்று முன்கூட்டியே தெரியும் என்றால் இதுவே போதும், இதுவே நல்லது.

எப்போது போதாது? நான் ஒரு முறை இரண்டு இடங்களிலிருந்து வந்த இரத்தச் சர்க்கரைப் பட்டியல்களை ஒன்றாக்கும் வேலையில் இருந்தேன். ஒரு பட்டியலில் 100, 110 என்று எண்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மற்றதில் 5.6, 6.1. எங்கள் நிரல் இரண்டாம் பட்டியலில் இருந்த எல்லோரையும் சர்க்கரை தாழ்ந்து மயங்கிக் கிடப்பவர்களாகக் கணித்தது. ஒன்று டெசிலிட்டருக்கு மில்லிகிராம், மற்றது லிட்டருக்கு மில்லிமோல்; 18-ஆல் பெருக்கியிருந்தால் சரியாகப் போயிருக்கும். அலகுக்கு ஒரு நெடுவரிசை சேர்த்தோம். அடுத்த வாரம், வெறும் வயிற்றில் எடுத்ததா, சாப்பிட்ட பின்னா என்று இன்னொன்று. பிறகு விரல் நுனி இரத்தமா, இரத்தக் குழாயிலிருந்து எடுத்ததா என்று மூன்றாவது. நான்காவது நெடுவரிசையைக் கேட்டுக்கொண்டு ஒருவர் வந்தபோதுதான் புரிந்தது, நாங்கள் சூழலைத் துண்டு துண்டாக வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று.

நெடுவரிசைகள் பெருகிக்கொண்டே போவது ஓர் அறிகுறி. ஒரே வகைக் கூற்றுக்குச் சிலருக்கு நான்கு விவரம், சிலருக்கு ஒன்றே ஒன்று என்று ஒழுங்கில்லாமல் இருப்பது இன்னொன்று. சூழலைப் பற்றியே பேச வேண்டி வருவது, அதாவது ‘இந்த ஆய்வகத்தின் முடிவுகளை 2019-க்கு முன் நம்பாதே’ என்பது போல எழுத வேண்டி வருவது மூன்றாவது. இந்த மூன்றாவது வந்துவிட்டால் தயங்காமல் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: சூழலை ஒரு பொருளாக்குங்கள்

மெக்கார்த்தியின் திறவுகோல் ஒரு வரிதான்:

மெய்(சூ, அ)

‘சூ என்ற சூழலில் அ என்ற கூற்று மெய்’ என்று படிக்க வேண்டும். ஆங்கிலத்தில் அவர் வைத்த பெயர் ‘இஸ்ட்’. ‘மெய்யாக இருக்கிறது’ என்பதன் சுருக்கம். கூடவே இன்னொன்றும் தந்தார்: மதிப்பு(சூ, சொல்), ஒரு சூழலில் ஒரு சொல் எதைக் குறிக்கிறது அல்லது எந்த எண்ணைத் தருகிறது என்பது. விமானக் கதையில் பவுண்டில் போட்ட கணக்கைப் ‘பவுண்டுத்தாள்’ என்றும், கிலோவில் போட்டதைக் ‘கிலோத்தாள்’ என்றும் இரண்டு சூழல்களாக வைத்துக்கொள்வோம்.

மதிப்பு(பவுண்டுத்தாள், எரிபொருள் அடர்த்தி) = 1.77
மெய்(கிலோத்தாள், தேவை = 22,300)

இதில் புதிது, சூ என்பது மற்ற பொருள்களைப் போலவே ஒரு பொருளாகிவிட்டது என்பதே. அதற்குப் பண்புகள் இருக்கலாம், ஒரு சூழல் இன்னொன்றைவிடப் பொதுவானது என்று சொல்லலாம், ‘இந்த வகைச் சூழல்கள் எல்லாவற்றிலும்’ என்று விதி எழுதலாம். நெடுவரிசையால் இதைச் செய்ய முடியாது.

எண்களை விட்டுவிட்டுக் கொஞ்சம் கதைக்கு வருவோம். காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது குறிப்பிடுவோரில் ரவிதாசன் ஒருவர். கல்கியின் பொன்னியின் செல்வனிலும் ரவிதாசன் வருகிறார், மந்திரவாதியாக. நந்தினியும் வருகிறாள், அவள் முழுக்கக் கற்பனை.

மெய்(கல்வெட்டு, துரோகி(ரவிதாசன்))
மெய்(நாவல், மந்திரவாதி(ரவிதாசன்))
மெய்(நாவல், சதியில்_உண்டு(நந்தினி))

சூழல் இல்லாத தட்டையான அறிவுத்தளத்தில் இந்த மூன்றையும் கொட்டினால், ‘சோழர் காலத்து மந்திரவாதிகள் யார்?’ என்ற கேள்விக்கு ரவிதாசன் என்று கூச்சமில்லாமல் பதில் வரும். இணையத்தில் இப்படித்தான் வருகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த உதாரணத்தில் ஒரு பொறி இருக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் அதில்தான் அதிகம் விழுகிறார்கள். கீழுள்ள இரண்டும் வேறு வேறு:

மெய்(கல்வெட்டு, ¬சதியில்_உண்டு(நந்தினி))
¬மெய்(கல்வெட்டு, சதியில்_உண்டு(நந்தினி))

முதலாவது, நந்தினி சதியில் இல்லை என்று கல்வெட்டு சொல்வதாக ஆகும். கல்வெட்டு அப்படி எதுவும் சொல்லவில்லை. அதன் சொற்களஞ்சியத்திலேயே அந்தப் பெயர் இல்லை. இரண்டாவது, அப்படி ஒன்று அங்கே மெய்யாக இல்லை என்று மட்டும் சொல்கிறது. சாஷா புவாச்சும் இயன் மேசனும் 1993-இல் கொடுத்த சூழல் தர்க்கத்தில் ஒவ்வொரு சூழலுக்கும் தனிச் சொற்களஞ்சியம் வைத்தது இதனால்தான். பொய் வேறு, அந்த இடத்தில் பொருளே இல்லாதது வேறு.

இன்னொன்று: கல்வெட்டும் ஒரு சூழலே, வரலாறு இல்லை. அது ஓர் அரசாணையின் வாய்மொழி. ‘கல்வெட்டில் மெய்’ என்பதிலிருந்து ‘வரலாற்றில் மெய்’ என்பதற்குத் தாவ ஒரு விதி வேண்டும். கரிகாலன் கொலையைப் பற்றி ஆய்வாளர்கள் இன்றும் சண்டை போடுவது பெரும்பாலும் அந்தத் தாவலைப் பற்றித்தான்.

படி 4: உள்ளே நுழையுங்கள், கணக்கிடுங்கள், பெயர்ச்சீட்டோடு வெளியே வாருங்கள்

ஒரு சூழலுக்குள் சாதாரணத் தர்க்கம் அப்படியே செல்லும். அதைச் சொல்லும் விதி:

மெய்(சூ, அ) மற்றும் மெய்(சூ, அ → ஆ) எனில் மெய்(சூ, ஆ)

‘கட்டாயம்’, ‘சாத்தியம்’ போன்றவற்றைக் கையாளும் மோடல் தர்க்கத்தைப் படித்தவர்களுக்கு இது பழைய முகம். பெட்டிக்குறிக்குப் பதில் சூழலின் பெயர் நிற்கிறது.

நடைமுறையில் ஒவ்வொரு வரியிலும் ‘மெய்(சூ, …)’ எழுதிக்கொண்டிருப்பது வெறுப்பேற்றும். அதற்காகத்தான் நுழைவும் வெளியேற்றமும். மெய்(சூ, அ) கையில் இருந்தால் சூழலுக்குள் நுழைந்து அ என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம். உள்ளே தருவித்த முடிவை வெளியே கொண்டுவரும்போது மறுபடி மெய்(சூ, …) என்ற உறையைப் போட்டாக வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், வரும்போது மாட்டிக்கொள்வது போல.

பவுண்டுத்தாளுக்குள் நுழைக:
 அளவு = 7,682 லிட்டர்
 அடர்த்தி = 1.77
 எடை = 13,597
வெளியேறுக: மெய்(பவுண்டுத்தாள், எடை = 13,597)

மான்ட்ரியாலில் நடந்தது இந்தக் கடைசி வரியில்தான். உறை இல்லாமல் வெறும் ‘13,597’ வெளியே வந்தது. 22,300 என்ற கிலோ எண்ணிலிருந்து கழிபட்டது. பிறகு மறுபடி பவுண்டுத்தாளுக்குள் போய் 1.77-ஆல் வகுபட்டது. உறை இருந்திருந்தால் கழித்தலே நடந்திருக்க முடியாது: இரண்டு வெவ்வேறு சூழல்களின் மெய்களைச் சேர்த்து எதையும் தருவிக்க மேலே உள்ள விதி அனுமதிப்பதில்லை.

இந்தக் கண்டிப்பினால் வரும் பெரிய நன்மை, முரண்பாடு பரவாமல் இருப்பது. சாதாரணத் தர்க்கத்தில் அ, ¬அ இரண்டும் ஒரே இடத்தில் வந்தால் எதை வேண்டுமானாலும் நிறுவிவிடலாம். மெய்(சூ1, அ), மெய்(சூ2, ¬அ) இரண்டும் சேர்ந்து நிற்பதில் அந்த ஆபத்து இல்லை. 1984-இல் டக்ளஸ் லெனட் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் தொடங்கிய சைக் திட்டம் இதைப் பட்டறிவால் கற்றது. பொது அறிவு முழுவதையும் ஒரே தளத்தில் முரணின்றி வைக்க முடியாது என்று கண்டு, நுண்கோட்பாடுகள் என்ற சிறு சூழல்களாக உடைத்தார்கள். மெக்கார்த்தியின் எண்ணத்தை 1991-இல் முனைவர் பட்ட ஆய்வாக விரித்து, சைக்குக்குள் கொண்டுபோனவர் ஆர்.வி. குஹா, சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்தவர்.

படி 5: பாலம் கட்டுங்கள்

இதுவரை செய்தது சுவர் எழுப்பும் வேலை. சுவர் மட்டும் இருந்தால் ஒவ்வொரு சூழலும் தனித்தீவாகிவிடும், எந்தக் கேள்விக்கும் பதில் வராது. உழைப்பில் பெரும்பகுதி இந்தப் படியில்தான் போகும். தர்க்கம் பற்றிய பாடங்கள் இதைக் கடைசிப் பக்கத்தில் வைப்பது எனக்கு வருத்தம். மெக்கார்த்தி குழு இதை ‘லிஃப்டிங்’ என்றது, அடுத்த படியில் வரும் இத்தாலிய ஆய்வாளர்கள் ‘பால விதி’ என்றார்கள். பாலம் என்றே வைத்துக்கொள்வோம்.

நமக்கு வேண்டிய பாலம்:

மெய்(பவுண்டுத்தாள், எடை = எ) → மெய்(கிலோத்தாள், எடை = எ × 0.4536)

இதை ஓட்டிப் பாருங்கள். 13,597 பவுண்டு, கிலோத்தாளில் சுமார் 6,168 ஆகிறது. தேவை 22,300, பற்றாக்குறை 16,132 கிலோ. 0.803-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 20,090 லிட்டர். நிரப்பியதோ சுமார் 4,900. வேடிக்கை என்னவென்றால், நிரப்பிய பின் மொத்தம் இருந்த எரிபொருள் கிட்டத்தட்ட 22,300 பவுண்டு. கேட்ட எண் அப்படியே இருந்தது, கிலோ மட்டும் இல்லை.

பாலங்கள் எல்லாம் ஒரே வகை இல்லை. மேலே உள்ளது மாற்றுப் பாலம்: கூற்று போகும்போது உருமாறும். வாரிசுப் பாலம் இன்னொன்று: பொதுச் சூழலில் மெய்யானது சிறப்புச் சூழலில் அப்படியே மெய். சைக்கின் நுண்கோட்பாடுகள் பெரும்பாலும் இப்படித்தான் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டவை. மூன்றாவது வகை, ‘தடை இல்லாதவரை’ பாலம். நாவலையும் வரலாற்றையும் இணைப்பது இதுதான்:

மெய்(வரலாறு, அ), மேலும் ¬அ நாவலில் இல்லை எனில் → மெய்(நாவல், அ)

காவிரி தஞ்சைப் பக்கம் ஓடுகிறது என்று நாவல் ஒவ்வொரு முறையும் நிறுவ வேண்டியதில்லை, தானாக வந்துசேரும். எதிர்த்திசையில் பாலமே கிடையாது என்பதைக் கவனியுங்கள். பாலம் ஒருவழிப் பாதையாக இருக்கலாம், பல நேரம் அப்படித்தான் இருக்க வேண்டும். இந்த மூன்றாவது வகைக்கு விலை உண்டு. நாவலைப் பற்றிப் புதிதாக ஒரு செய்தி தெரிந்தால் முன்பு தருவித்த முடிவைத் திரும்பப் பெற வேண்டி வரலாம். ஆகவே அது சாதாரணத் தர்க்கத்தின் எல்லையைத் தாண்டிவிடுகிறது.

பாலம் இல்லாததன் விலைக்கு 1999 செப்டம்பர் 23 சாட்சி. நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் அன்று செவ்வாயில் தொலைந்தது. தரையில் இருந்த ஒரு நிரல் உந்துவிசையின் அளவைப் பவுண்டு-விசை வினாடியில் எழுதியது, அதைப் படித்தவர்கள் நியூட்டன்-வினாடி என்று எடுத்துக்கொண்டார்கள், 4.45 மடங்கு வித்தியாசம். எந்த அலகு என்று இரு தரப்புக்குமான இடைமுக ஆவணத்தில் எழுதியே இருந்தது. சூழல் ஆவணத்தில் இருந்தது, எண்ணின்மேல் இல்லை.

படி 6: ஒரே மொழியா, பல மொழிகளா?

இங்கே ஒரு பாதைப் பிரிவு. மெக்கார்த்தி வழியில் எல்லாச் சூழல்களையும் பற்றிப் பேசும் ஒரு பெரிய மொழி இருக்கிறது. நீங்கள் எப்போதும் ஒரு வெளிச்சூழலில் நின்று மற்றவற்றைப் பார்க்கிறீர்கள். இத்தாலியின் ட்ரென்டோவில் ஃபௌஸ்தோ ஜுன்கில்யாவும் அவரோடு சேர்ந்தவர்களும் வேறு வழி எடுத்தார்கள். ஒவ்வொரு சூழலுக்கும் சொந்த மொழி, சொந்த விதிகள். மேலே நின்று பார்க்கும் ஒருவர் இல்லை. அவற்றுக்கிடையே பாலங்கள் மட்டும்.

அவர்களின் மாயப் பெட்டி இதை அழகாக விளக்கும். ஆறு அறைகள் கொண்ட ஒரு பெட்டி, முன்னிருந்து பின்னாக இரண்டு வரிசை, ஒவ்வொன்றிலும் மூன்று அறை. சிலவற்றில் பந்து இருக்கிறது. ஒருவர் முன்பக்கத்திலிருந்து பார்க்கிறார். அவருக்கு இடது, நடு, வலது என்று மூன்று அறைகள்தான் தெரியும். இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறார். அவருக்கு இடது, வலது என்று இரண்டு. ஆழம் இருவருக்கும் தெரியாது. இவருடைய ‘இடது’ அவருடைய ‘இடது’ இல்லை. ‘நடு’ என்ற சொல் இரண்டாமவருக்குக் கிடையவே கிடையாது. ஒருவரின் வாக்கியத்தை மற்றவரின் மொழியில் பெயர்க்க வழியில்லை. ஆனாலும் இவ்வளவு சொல்லலாம்:

இரண்டாமவர்: இடது அல்லது வலது ⇒ முதலாமவர்: இடது அல்லது நடு அல்லது வலது

அவர் ஒரு பந்தாவது கண்டால் இவரும் ஒரு பந்தாவது காண்பார். மொழிபெயர்ப்பு இல்லாமலே இரண்டு பார்வைகளும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன. உள்ளூரில் தருவி, அண்டையோடு ஒத்துப்போ என்ற இந்த இரண்டு கொள்கைகளில்தான் அவர்களின் கட்டுமானம் நிற்கிறது.

எதை எடுப்பது? சூழல்கள் எல்லாம் உங்கள் கையில், ஒரே குழு கட்டுகிறது என்றால் மெக்கார்த்தி வழி வசதி. வேறு வேறு நிறுவனங்களின் தரவு, உள்ளே என்ன நடக்கிறதென்றே தெரியாது என்றால் ட்ரென்டோ வழி. 2007-இல் கெர்ஹார்ட் ப்ரெவ்காவும் தாமஸ் ஐட்டரும் இரண்டாவதை இன்னும் விரித்தார்கள்: ஒவ்வொரு சூழலும் வேறு வேறு தர்க்கத்தையே பயன்படுத்தலாம், பாலத்தில் ‘இல்லாவிட்டால்’ என்றும் எழுதலாம். அதில் கவனம் வேண்டும். ‘நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்’ என்று இரண்டு சூழல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு சமநிலைகள் (எல்லாச் சூழல்களும் பாலங்களோடு ஒத்துப்போகும் நிலைகள்) கிடைக்கும், எது சரி என்று தர்க்கம் சொல்லாது. ‘அங்கே மெய்யில்லாவிட்டால் இங்கே மெய்’, ‘இங்கே மெய்யானால் அங்கும் மெய்’ என்று இரண்டையும் கோத்தால் சமநிலையே கிடைக்காமல் போகும்.

படி 7: கணினியில் ஏற்றுதல்

சுருக்கமாகச் சொல்கிறேன், இது அவ்வளவு கடினமில்லை. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று மும்மூன்றாக அறிவை எழுதுகிறவர்கள் நான்காவதாகச் சூழலின் பெயரைச் சேர்த்தால் போதும். இப்படி மும்மூன்றாக இணையத்தில் அறிவை எழுதுவதற்கென 2014-இல் வந்த ஆர்டிஎஃப் 1.1 தரத்தில் பெயரிட்ட வரைபடங்கள் இதற்காகவே உள்ளன. ஆனால் அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று தரம் வேண்டுமென்றே தீர்மானிக்கவில்லை. உறை தருகிறார்கள், பாலம் உங்கள் பொறுப்பு. விக்கித்தரவில் ஒரு கூற்றோடு தொடக்கக் காலம், முடிவுக் காலம் என்று தகுதிகளைச் சேர்க்கலாம். அது படி 2-இன் நெடுவரிசை முறைக்கு நெருக்கமானது. புரோலாக் என்ற தர்க்க நிரல்மொழி தெரிந்தவர்கள் மெய் என்ற இரண்டு உள்ளீட்டு உறவை எழுதி, பாலங்களை விதிகளாகச் சேர்த்து ஒரு மாலைக்குள் விமானக் கதையை ஓட்டிப் பார்த்துவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. மெய்(சூ, அ) என்பதில் அ-வை மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்துச்சரமாக வைத்து, அதன்மேல் ‘எல்லா’, ‘சில’ என்று பேசும் முழு முதல்நிலைத் தர்க்கத்தையும் ஓடவிட ஆசை வரும். தன்னைத்தானே சுட்டும் வாக்கியங்கள் அந்த வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. வாக்கியங்களை எழுத்துச்சரமாகக் கையாளும் மோடல் அமைப்புகள் எவ்வளவு எளிதாக முரண்படும் என்று ரிச்சர்ட் மாண்டேக் 1963-லேயே காட்டிவிட்டார். அ-வைக் கூற்றாகவே வைத்திருங்கள். ‘எல்லா’, ‘சில’ இல்லாமல் முழுக் கூற்றுகளை மட்டும் கோக்கும் கூற்றுத் தர்க்க அளவிலேயே நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். அங்கே எந்தக் கேள்விக்கும் முடிவு காண முடியும்.

படி 8: சோதனை

முதலில், நிரல் தரும் ஒவ்வொரு பதிலிலும் சூழலின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில்லாத பதில் ஒன்று வந்தாலும் எங்கோ உறை கழன்றிருக்கிறது. அடுத்து, தெரிந்தே இரண்டு சூழல்களில் முரண்பட்ட கூற்றுகளை நட்டு, மூன்றாவது சூழலில் ஏதாவது அபத்தம் முளைக்கிறதா என்று கேளுங்கள். முளைத்தால் ஏதோ ஒரு பாலம் தேவைக்கு மேல் அகலமாக இருக்கிறது. பிறகு ஒவ்வொரு பாலமாக நீக்கிப் பாருங்கள். நீக்கிய பிறகும் எல்லாப் பதிலும் மாறாமல் வந்தால் அந்தப் பாலம் வீண், அல்லது உங்களுக்குத் தெரியாமல் இன்னொரு வழி இருக்கிறது. இரண்டாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான சோதனை ஒன்றுண்டு. 143-ஆம் விமானம் ஒட்டாவாவில் இறங்கியபோது எரிபொருளை மறுபடி அளந்தார்கள். குச்சியைப் பார்த்தார்கள், லிட்டரை எடையாக்கினார்கள், போதும் என்று வந்தது. பெருக்கியது அதே 1.77-ஆல். சோதனைக்கான எதிர்பார்ப்பு விடைகளை அறிவுத்தளத்திலிருந்தே எடுக்காதீர்கள். உங்கள் பவுண்டுத்தாளை ஒருபோதும் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, அவர் கையிலுள்ள கிலோத்தாளில் தனியாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.